டெஃப்லானா, கேப்டானா: கதிர்வீச்சில் எந்த ஒயர்?

இரண்டும் ஒயரின் மேல் மின்காப்பு உறையாகப் போடும் பிளாஸ்டிக்குகள். காகிதக் கணக்கில் டெஃப்லான்தான் முன்னால் நிற்கும். மின்காப்பு மாறிலி (உறை எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு; குறைந்தால் நல்லது) சுமார் 2.1, கேப்டானுக்கு 3.4-ஐ ஒட்டி. ஈரமும் ஏறாது. ஆனால் கதிர்வீச்சு பட்டால் கதையே வேறு. காமா கதிர் டெஃப்லானின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை வெட்டிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். 10,000 கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சின் அலகு) அளவிலேயே உறை மொறுமொறுப்பாகி, ஒயரை வளைத்தால் விரிசல் விடும். வேடிக்கை என்னவென்றால், அசையாமல் கிடக்கும்வரை உறையின் மின்தடை பெரும்பாலும் நன்றாகவே காட்டும்! விரிசலில் ஈரம் புகுந்த பிறகுதான் கசிவு மின்னோட்டம் தலைகாட்டும்.

கேப்டானின் பென்சீன் வளையங்கள் கதிரின் ஆற்றலை வாங்கிப் பரப்பிவிடுவதால் 1 கோடி கிரேயையும் தாங்கும். அதற்கு எமன் ஈரம்: ஈரம் மூலக்கூறுகளைப் பிளக்கும் நீராற்பகுப்பில் முதுமையடையும், விரிசலில் மின்பொறி பாய்ந்தால் கரியாகிக் கரியே மின்கடத்தியாகும். பழைய விமான ஒயர்களில் பார்த்த தொல்லை இது.

உலர்ந்த துகள் முடுக்கிக் கூடத்துக்கு என் ஓட்டு கேப்டானுக்கு.