இரண்டு ஆண்டு எம்.சி.ஏ.வில் சேரும் முன் முழுச் செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள்

2021ஆம் ஆண்டு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு, சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் எம்.சி.ஏ. என்ற கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். இரண்டே ஆண்டு, ஒன்றரை லட்சம் ரூபாய், முடித்ததும் கட்டாயம் வேலை என்று ஊருக்கு வந்த சேர்க்கை முகவர் என் அப்பாவிடம் உறுதி சொல்லியிருந்தார். இம்மூன்றில் இரண்டு ஆண்டு என்பது மட்டுமே உண்மையாக இருந்தது. இதே முறையில் மாணவர்களைச் சேர்க்கும் இடங்கள் வேறும் இருப்பதால், கல்லூரியின் பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எம்.சி.ஏ. முன்பு மூன்று ஆண்டுப் படிப்பாக இருந்தது. 2020-21 கல்வியாண்டிலிருந்து, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஒன்றிய அரசு அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. அதை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. பி.சி.ஏ. என்ற கணினி இளநிலைப் பட்டம் முடித்து வருபவருக்கு இதனால் ஓர் ஆண்டுக் கட்டணம் மிச்சமாகிறது. என்னைப் போன்ற கணிதப் பட்டதாரிகளுக்கோ, நிரல் எழுதுவதை அடிப்படையிலிருந்து கற்கும் அவகாசமே இல்லாமல் போய்விட்டது. அதை ஈடுகட்டத்தான் கணினி படிக்காதவர்களுக்கு இணைப்புப் பாடங்கள் நடத்த வேண்டும் என்று விதியில் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் கல்லூரியில் அது ஐந்து நாள் வகுப்போடு முடிந்தது. நான்காம் பருவம் முழுவதும் புராஜெக்ட் என்பதால், உண்மையில் பாடம் நடந்தது மூன்று பருவங்கள்தான். அந்தப் புராஜெக்டையும் கல்லூரி காட்டிய ஒரு மையத்தில் 15,000 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஒன்றரை லட்சம் என்பது கல்விக் கட்டணம் மட்டுமே என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. விடுதியும் உணவும் 1,30,000, வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் ஆண்டுக்கு 20,000, தேர்வுக் கட்டணமும் பிறவும் 20,000, இவற்றோடு புராஜெக்டையும் சேர்த்தால் மொத்தம் 3,55,000 ரூபாய் ஆயிற்று. கல்லூரி வங்கிக்குக் கொடுத்த கட்டண விவரத்தில் கல்விக் கட்டணமும் விடுதியும் மட்டுமே இருந்ததால், கல்விக் கடனும் அவற்றுக்கே கிடைத்தது. மீதி 75,000 ரூபாய்க்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. பயிற்சிக் கட்டணத்துக்கு ரசீதுகூடத் தரவில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, படிக்கும் காலத்து வட்டியை ஒன்றிய அரசே மானியமாகச் செலுத்தும் திட்டம் இருக்கிறது. ஆனால் கல்லூரிக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் அமைப்பு) தரச்சான்றோ, அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. (தொழிற்படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ இருந்தால்தான் அது கிடைக்கும் என்றும், எங்கள் கல்லூரிக்கு இரண்டுமே இல்லை என்றும் வங்கி மேலாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சேருமுன் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இவை எதிலும் வராத இன்னொரு செலவும் உண்டு. நான் சேர்ந்த அதே ஆண்டு புதுச்சேரியில் மாதம் 13,000 ரூபாய் சம்பளத்தில் கிடைத்த வேலையை எம்.சி.ஏ.வுக்காக வேண்டாம் என்றேன். 24 மாதங்களுக்கு அது 3,12,000 ரூபாய். ஆக, வட்டியைச் சேர்க்காமலே இந்தப் பட்டத்தின் விலை 6,67,000 ரூபாய். இன்று என் சம்பளம் 19,000. என்னோடு பி.எஸ்சி. படித்த தோழி விப்ரோவின் திட்டமொன்றில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே நிறுவனத்தின் செலவில் எம்.டெக். படிக்கிறாள். படிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. டான்செட் என்ற தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வை எழுதி, கலந்தாய்வு வழியாக அரசுக் கல்லூரியில் இடம் பெற்றிருந்தால் இதே பட்டம் இதைவிட மிகக் குறைந்த செலவில் கிடைத்திருக்கும். முகவரின் பேச்சை நம்பி நான் அந்தத் தேர்வையே எழுதவில்லை.

வளாகத் தேர்வுக்கு வந்த மூன்று நிறுவனங்களில் இரண்டு, 40,000 ரூபாய் முன்பணம் கட்டினால் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை தருவதாகச் சொன்னவை. அதற்கு ஒப்புக்கொண்டவர்கள் வேலை பெற்றவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு விளம்பரத் தட்டியில் அவர்களின் படங்கள் இருந்தன. அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல், கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் பணம் கட்டாமல் வேலைக்குச் சென்றார்கள் என்று கேளுங்கள். அவர்களில் இருவரிடமாவது நேரில் பேசிப் பாருங்கள்.

இறுதிப் பருவத்தில் நானே தேடி ஒரு வேலை பெற்றேன். சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். அவையோ சேர்க்கையன்று சரிபார்க்க வாங்கப்பட்டுக் கல்லூரியிலேயே இருந்தன; நிலுவை 20,000 ரூபாயைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும், தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கல்லூரி முதல்வருக்கு மனு எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. அதற்கு முந்தைய வாரமே அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இதே நிலையில் இருப்பவர்கள் கேட்டால் அந்த மனுவின் மாதிரியை அனுப்பி வைக்கிறேன்.