சரக்கு ஏற்றுபவரின் பார்வையில் தோஸ்த் பிக்கப்பும் செஸ்னா 172-உம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குச் சிறு விமானம் அந்நியமானதன்று. ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் இருக்கிறது. பி68சி என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானத்தை அந்நிறுவனம் தயாரித்தது. அதே ஓசூரிலிருந்துதான் 2011 முதல் அசோக் லேலண்டின் தோஸ்த் பிக்கப் வெளிவருகிறது. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி ஏற்றுவதற்குத் தோஸ்த் வைத்திருக்கும் எனக்கு, பயிற்சிப் பள்ளியொன்றின் செஸ்னா 172எஸ் விமானத்தில் விமானிக்குப் பக்கத்து இருக்கையில் பறக்கும் வாய்ப்பும் கிடைத்ததால், இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

முதலில் சுமை. தோஸ்த் 1.25 டன் தாங்கும். 25 கிலோ பிடிக்கும் தக்காளிப் பெட்டி (கிரேட்) என்றால் ஐம்பது. நான்கு இருக்கை கொண்ட செஸ்னாவோ எல்லாம் சேர்த்து 1,157 கிலோவுக்கு மேல் தரையை விட்டு எழும்பக் கூடாது. அதில் வெற்று விமானமே ஏறத்தாழ 755 கிலோ. தொட்டி நிறைய எரிபொருள் ஊற்றினால் அதற்கு 144 கிலோ போய்விடும். விமானியும் ஏறியபின் மிஞ்சுவது ஏழு கிரேட் தக்காளிக்கான இடம்தான். காரில் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஐந்து பேர் ஏறுவதை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. இங்கே நான்கு பெரியவர்கள் ஏற வேண்டுமென்றால் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். எடை சரியாக இருந்தாலும் அது முன்னே பின்னே எங்கே விழுகிறது என்பதையும் கணக்கிட்ட பிறகே எஞ்சினைத் தொடுகிறார்கள். அதிகச் சுமையோடு தொப்பூர் கணவாயில் இறங்கி பிரேக்கை வாட்டும் நம் பழக்கத்துக்கு, இந்தக் கண்டிப்பு கட்டாயம் வர வேண்டும்.

தோஸ்தின் எஞ்சின் 1.5 லிட்டருக்குள் அடங்கும் மூன்று சிலிண்டர் டீசல். செஸ்னாவினுடையது ஏறக்குறைய 5.9 லிட்டர், நான்கு சிலிண்டர், காற்றால் குளிர்வது. தருவது 180 குதிரைத்திறன் மட்டுமே. இது பழைய வடிவமைப்பின் குறை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நெடுஞ்சாலையில் கார் தன் பலத்தில் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. விமான எஞ்சினோ முக்கால் பங்கு பலத்தை மணிக்கணக்கில் இடைவிடாமல் தர வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தீப்பொறி மின்சாரத்தைத் தானே உண்டாக்கித் தரும் மேக்னெட்டோ தனித்தனியே இரண்டு. பேட்டரி செத்தாலும் எஞ்சின் நிற்காது. அந்த முக்கால் பலத்தில் மணிக்கு 230 கிலோமீட்டர் பறந்து, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 38 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்பது அந்த வேகத்துக்கு மோசமில்லை.

மனத்தில் பதிந்தது புறப்பாட்டுக்கு முந்தைய சோதனை. விமானி இறக்கையின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்; இளநீல நிறம் சரியாக இருக்கிறதா, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்த்து முடிக்கும்வரை பேச்சில்லை. தோஸ்தில் நாம் சாவியைத் திருப்பிக் கிளம்பிவிடுகிறோம். பழுதானால் ஓரங்கட்டலாம் என்ற தைரியம்.

சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் ஓடுதளத்திலிருந்து கோயம்பேட்டுக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்க இன்னொரு பிக்கப் வேண்டும். ஆகவே சந்தை வேலைக்கு என் தேர்வு தோஸ்த்தான். வாங்குபவர்கள் கேபினில் மூன்றாவது ஆளை நெடுந்தூரம் உட்கார வைக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும், இடம் போதாது. பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்ற ஆசை இருப்பவர்களுக்குச் செஸ்னாவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.