ஏசிக்குத் திருகு குமிழா, தொடுதிரையா?

புதுக் காருக்கு டாஷ்போர்டு வரையும்போது முதலில் கிளம்பும் சண்டை இதுதான். ஏசி, ஒலி அளவு, கண்ணாடி மங்கலைப் போக்கும் டிஃபாக் ஆகியவற்றை நடுத் திரைக்குள் போட்டுவிடுவதா, தனித்தனியாகக் குமிழும் பட்டனும் வைப்பதா? நான் குமிழ்ப் பக்கம். திரையே கூடாது என்று சொல்லவில்லை. வரைபடத்துக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் திரையை விட்டால் வழியில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கை போகும் ஆறேழு வேலைகளை மட்டும் திரைக்கு வெளியே வையுங்கள் என்கிறேன்.

திரைக்காரர்களின் பெரிய வாதம் செலவு. ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் அச்சு, வயர், பின்விளக்கு, தனிச் சோதனை. ரிவர்ஸ் கேமராவுக்காக எப்படியும் திரை வாங்கியாயிற்று, மீதியையும் அதிலேயே வரைந்துவிட்டால் பாகங்கள் குறையும். பிறகு அப்டேட் அனுப்பி மாற்றிக்கொள்ளவும் முடியும். எல்லாம் சரி. ஆனால் அப்டேட்டில் இடம் மாறிய பட்டனை ஓட்டுநரின் விரல் பழைய இடத்தில்தான் தேடும்.

அழகு, விலை, புதுமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவெடுக்கலாம் என்பது என் கருத்து. அந்த வேலையை முடிக்க, கண் எத்தனை முறை சாலையை விட்டு உள்ளே வர வேண்டும்?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கோடு இங்கேதான் போடப்பட்டிருக்கிறது: ஒரு பார்வை 2 நொடியைத் தாண்டக் கூடாது, ஒரு வேலைக்கான மொத்தப் பார்வை 12 நொடிக்குள் முடிய வேண்டும். ஜப்பானியக் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் வரம்பு இன்னும் கறார், மொத்தமே 8 நொடி. அமெரிக்க வழிகாட்டுதல் கட்டாயச் சட்டம் இல்லை. ஆனாலும் வடிவமைப்பவர் மேசையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய எண்கள் இவை.

தொடுதிரையில் கண்ணின் வேலை எங்கே கூடுகிறது என்று பாருங்கள். முதல் பார்வை இலக்கைத் தேட. இரண்டாவது, காற்றில் மிதக்கும் விரலை அந்த இலக்குக்குக் கொண்டுபோக. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் விரல் துள்ளும், கண் திரும்பவும் வர வேண்டும். மூன்றாவது, தொட்டது பதிவானதா என்று உறுதிசெய்ய. குமிழில் முதல் பார்வையே தேவைப்படாத நாள் சீக்கிரம் வந்துவிடும். கியர் கம்பியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது கைக்குப் பழகிவிடும், பிடித்த பிறகு விரல் துள்ளாது, எத்தனை கிளிக் திருகினோம் என்பதை விரலே எண்ணிக்கொள்ளும்.

சுவீடனின் வி பிலேகாரே இதழ் 2022-ல் இதை ஓட்டியே பார்த்தது. பழைய விமான ஓடுபாதையில் 110 கி.மீ. வேகம். வெப்பத்தைக் கூட்டிக் கண்ணாடிப் பனியைப் போக்கும் டிஃபிராஸ்ட் போடுவது, ரேடியோ நிலையம் மாற்றுவது என நான்கு வேலைகள். காரோடு பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பட்டன்கள் நிறைந்த 2005 வோல்வோ வி70 நான்கையும் 10 நொடியில், 306 மீட்டரில் முடித்தது. சோதனையில் கடைசி இடத்துக்குப் போன புதிய கார் எடுத்துக்கொண்டது 44.9 நொடி, 1,372 மீட்டர். திரைப் பக்கத்து நியாயமும் அதே சோதனையில் இருக்கிறது. திரை இருந்தும் டாசியா சான்டெரோவும் வோல்வோ சி40-யும் 14 நொடிக்குள் முடித்தன. சான்டெரோவில் வசதிகளே குறைவு, அதனால் மெனுவும் ஆழமில்லை. ஆக, திரையை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. அதற்குள் தோண்டிவைக்கும் படிக்கட்டுகளுக்கும் பங்கு உண்டு.

எனக்கு மிகவும் கவலை தருவது கண்ணாடி மங்கும் நேரம். ஊட்டி மலைப்பாதையில் மழை, காருக்குள் ஐந்து பேர், நனைந்த உடைகள். மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் படியும், இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எதிரே வெள்ளைத் திரை. அப்போது நான்கு காரியம் சேர்ந்து நடக்க வேண்டும்: காற்று முன்கண்ணாடிக்குத் திரும்ப வேண்டும், ஈரத்தை உறிஞ்ச ஏசி கம்ப்ரஸர் ஓட வேண்டும், உள்காற்றுச் சுழற்சி நின்று வெளிக்காற்று வர வேண்டும், விசிறி வேகம் கூட வேண்டும். இந்த நான்கையும் ஒரே அழுத்தில் செய்யும் தனிப் பட்டன் இருந்தால் அரை நொடி வேலை. திரையில் ஏசி பக்கத்தைத் திறந்து, திசையை மாற்றி, சுழற்சியை அணைத்து, விசிறியைக் கூட்டுவதென்றால், பார்வை ஏற்கெனவே பாதி போன ஓட்டுநரிடம் மீதியையும் கேட்கிறோம். சென்னையின் புழுக்கமான இரவில் இதே சிக்கல் தலைகீழாக வரும். ஏசிக் காற்று கண்ணாடியைக் குளிர்விக்க, வெளிப்பக்கம் மங்கும். அப்போது வைப்பரைப் போட்டு, கண்ணாடிக்குப் போகும் குளிரைக் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் மங்கியது என்று யோசிக்கவே ஒரு நொடி போகும். மீதி நேரத்தை மெனு தின்னக் கூடாது.

வைப்பர் விஷயத்தில் நீதிமன்றமே பேசியிருக்கிறது. மழையில் தொடுதிரை வழியாக வைப்பர் வேகத்தை மாற்றப் போய்ச் சாலையை விட்டு விலகிய டெஸ்லா ஓட்டுநருக்கு விதித்த அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் 2020-ல் உறுதிசெய்தது. வண்டியோடு பொருத்தப்பட்டு வந்த திரையானாலும் அது ஓட்டும்போது கையாளக் கட்டுப்பாடு உள்ள மின்னணுச் சாதனம்தான் என்பது நீதிமன்றத்தின் நிலை. கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்தும் நேரடியாக இயக்கும்படி இருந்தால்தான் முழு மதிப்பெண் தருகிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்பேன்.

குமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது, அதையும் கெடுக்க முடியும். விட்டம் 35 முதல் 40 மி.மீ., உயரம் 15 மி.மீ.க்குக் குறையாமல், ஓரத்தில் வரி. ஒரு சுற்றுக்கு 24 கிளிக் என்றால் ஒரு கிளிக் 15 டிகிரி. கிளிக்குக்கு அரை டிகிரி செல்சியஸ் என்று வைத்தால், மூன்று டிகிரி மாற்றத்துக்குக் கால் சுற்று, மணிக்கட்டின் ஒரே அசைவு. வெப்பக் குமிழும் ஒலிக் குமிழும் ஒரே வடிவில் இருக்கவே கூடாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகள் சக்கர நெம்புகோலையும் இறக்கை மடல் நெம்புகோலையும் மாற்றி இழுத்துத் தரையிறங்கிய விமானங்களைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் ஒன்றுக்குச் சக்கர வடிவமும் மற்றதற்கு மடல் வடிவமும் கொடுத்துத் தீர்த்தார். காரில் ஒன்றை வரியோடும் மற்றதை வழவழப்பாகவும் வைத்தாலே போதும்.

பொருள் தேர்விலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ரப்பர் போன்ற மென்பூச்சு நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கும், எனவே வெறும் பிளாஸ்டிக்கில் சொரசொரப்பை அச்சிலேயே கொடுங்கள். குரோம் வளையம் மதிய வெயிலைக் கண்ணில் அடிக்கும். குமிழ் எவ்வளவு திரும்பியது என்று எண்ணும் என்கோடரில், உள்ளே உரசும் தொடுமுனை வகை தூசியிலும் துருவிலும் தவறாக எண்ண ஆரம்பிக்கும், ஒரு கிளிக் திருகினால் மூன்று தாவும். காந்த வகைக்குச் சற்றுக் கூடுதல் செலவு, ஆனால் தேயாது.

இன்னொன்று வயரிங். குமிழ் வைத்துவிட்டு அதன் சிக்னலைத் திரைக் கணினி வழியாக அனுப்பினால் பாதிப் பயன் போயிற்று. காரின் சிறு பாகங்களை இணைக்கும் எளிய தகவல் தடமான லின் பஸ் வழியே நேராக ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகட்டும். திரை ஹேங் ஆகி ரீபூட் ஆனாலும் டிஃபாக் வேலை செய்ய வேண்டும். 2021-ல் டெஸ்லா சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது திரைக்குப் பின்னால் இருந்த ஃபிளாஷ் மெமரி தேய்ந்ததால்தான். திரை செத்தபோது ரிவர்ஸ் கேமராவோடு கண்ணாடி டிஃபாக் கட்டுப்பாடும் சேர்ந்து போனது.

திரையில்தான் வைத்தாக வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டால், சேதத்தைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. வெப்பநிலை எந்தப் பக்கத்திலும் மறையாத கீழ்ப்பட்டையில், எப்போதும் அதே இடத்தில் நிற்கட்டும். கூகுளின் கார் வழிகாட்டுதலில் தொடு இலக்கின் குறைந்தபட்ச அளவு 76 டி.பி. (திரை வடிவமைப்பின் அளவு அலகு), அதாவது சுமார் 12 மி.மீ. ஓடும் வண்டிக்கு அது போதாது, 20 மி.மீ. வையுங்கள். தொட்ட 100 மில்லி நொடிக்குள் ஒலியோ நிறமாற்றமோ வர வேண்டும். தாமதித்தால் ஓட்டுநர் மறுபடி தொடுவார், போட்டது அணைந்துவிடும். திரைக்குக் கீழே மணிக்கட்டு ஊன்ற ஒரு விளிம்பு கொடுத்தால் விரல் துள்ளுவது வெகுவாகக் குறையும். இந்த ஒரு பிளாஸ்டிக் விளிம்பை ஏனோ பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி, கியர் அருகே ஒரு பெரிய சுழல் குமிழால் திரையை இயக்குவது. பிஎம்டபிள்யூ 2001-ல் கொண்டுவந்தது. 2019 மாஸ்டா 3-ல் தொடுதலையே எடுத்துவிட்டார்கள். திரைக்குக் கை நீட்டும்போது ஓட்டுநர் தன்னை அறியாமல் ஸ்டீயரிங்கையும் இழுத்துவிடுகிறார் என்பது மாஸ்டா சொன்ன காரணம். குறுகிய பட்டியலுக்கு இது அருமை. நீளமான பட்டியலில் எங்கே நிற்கிறோம் என்று கண் எண்ண வேண்டியிருப்பதால் ஆதாயம் கரைகிறது. விரலுக்கு அதிர்வு தரும் திரைகளைப் பற்றி இந்த அளவுக்கு உறுதியாகப் பேச மாட்டேன். தொட்டது பதிவானதா என்ற மூன்றாவது பார்வையை அவை மிச்சப்படுத்தலாம். இலக்கைத் தேடும் முதல் பார்வை அப்படியேதான் இருக்கும்.

குரல் கட்டளை கண்ணை விடுவிக்கிறது, மனதை அல்ல. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2015-ல் செய்த ஆய்வில், மோசமான குரல் அமைப்புகளில் கட்டளை முடிந்து 27 நொடி வரை கவனச் சிதறல் நீடித்தது. போனில் ஒருவரை அழைக்கக் குரல் நல்லது. பின் சீட்டில் குழந்தை அழும்போது, மழை கூரையில் அடிக்கும்போது, டிஃபாக்குக்கு அதை நம்ப வேண்டாம்.

உங்கள் வடிவம் தேறுமா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நிறுத்திய காரில் டேப்லெட்டைத் திரை இருக்கும் இடத்தில் பொருத்தி மாதிரிப் பக்கத்தை ஓடவிடுங்கள். போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 40 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டு 1.5 நொடி. பக்கத்தில் இருப்பவர் ஒரு தட்டுக்கு அட்டையால் மறைக்கட்டும், அடுத்த தட்டுக்கு விலக்கட்டும். மறைத்திருக்கும்போதும் கை வேலை செய்யலாம். எட்டுத் திறப்புக்குள் வேலை முடிந்தால் 12 நொடி வரம்புக்குள் இருக்கிறீர்கள். உங்கள் அணியில் இல்லாதவர்களை உட்கார வையுங்கள், அதில் பாதிப் பேராவது ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். தொலைவில் உள்ள சாலையிலிருந்து, கண்ணுக்கு 70 செ.மீ. தூரத்தில் இருக்கும் திரைக்குக் குவியம் மாற அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.