குஜோ ஹாச்சிமானின் கோடை ஆட்டம்: எந்த இரவில் போவது, காலில் எதை மாட்டுவது

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே யோஷிதா ஆற்றை ஒட்டிய சிற்றூர் குஜோ ஹாச்சிமான். ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை முப்பது இரவுகளுக்கு மேல் இந்த ஊர்த் தெருக்களில் ஆட்டம் நடக்கிறது. பெயர் குஜோ ஒதோரி. நுழைவுச்சீட்டு கிடையாது, முன்பதிவு கிடையாது, உட்கார்ந்து பார்க்க மேடையும் கிடையாது. 1996-இல் ஜப்பான் அரசு இதை முக்கிய நாட்டார் மரபாக அறிவித்தது. 2022-இல் 'ஃபூர்யூ ஒதோரி' என்ற பொதுப் பெயரில் நாடெங்கும் உள்ள 41 ஆட்டங்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது அதில் இதுவும் ஒன்று. இதெல்லாம் இருந்தும், வெறுமனே வேடிக்கை பார்ப்பதற்காக இங்கே போவது பணத்துக்கும் நேரத்துக்கும் நஷ்டம். கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

சுற்றுலா விளம்பரங்கள் எல்லாம் ஆகஸ்ட் 13 முதல் 16 வரையிலான நான்கு இரவுகளையே காட்டும். முன்னோர் வீடு திரும்புவதாக நம்பும் ஓபோன் நாட்கள் அவை. 'தெத்சுயா ஒதோரி' என்று அதிகாலை வரை ஆடுவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த நான்கு இரவுகளைப் பரிந்துரைக்க மாட்டோம். நாடே ஊருக்குக் கிளம்பும் வாரம் அது. நெடுஞ்சாலை நெரியும், விடுதி கிடைக்காது, வட்டத்தில் தோளோடு தோள் இடிபடும். கையை நீட்ட இடமில்லாத இடத்தில் ஆட்டம் எப்படிப் படியும்? ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் பிற்பாதியிலோ ஒரு வார நாள் இரவு போங்கள். அன்றைக்கு ஆட்டம் இரவு எட்டு மணியளவில் தொடங்கிப் பத்தரை சுமாருக்கு முடிந்துவிடும். உள்ளூர்க்காரர்களே அதிகம் இருப்பார்கள், வட்டம் தளர்வாக இருக்கும், தப்பாக ஆடினாலும் யார் காலையும் மிதிக்க மாட்டீர்கள். மூன்று நான்கு ஆட்டங்கள் கைவந்த பிறகு, அடுத்த முறை ஓபோன் இரவுக்குப் போகலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆடும் இடம் இரவுக்கு இரவு மாறும். ஒவ்வொரு இரவும் ஏதாவதொரு கோயிலையோ தெருவையோ சேர்ந்த விழாவாக இருப்பதால், பாடகர்களும் இசைக்காரர்களும் அமரும் 'யாகாத்தா' என்னும் சக்கரம் வைத்த மரக்கூடத்தை அந்தத் தெருவுக்கு உருட்டிச் செல்வார்கள். ஊர்ச் சுற்றுலாச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில் தேதியோடு இடமும் இருக்கும். தேதியை மட்டும் பார்த்துவிட்டு நேற்று ஆடிய தெருவுக்குப் போய் நிற்பது வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. லேசான மழைக்கு ஆட்டம் நிற்காது. யாகாத்தாவுக்குக் கூரை உண்டு, நனைவது நாம்தான்.

மொத்தம் பத்து ஆட்டங்கள். முதலில் வருவது பெரும்பாலும் 'காவாசாகி' (பைக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). நிதானமானது, கையசைவு நளினமானது, அசைவுகள் திரும்பத் திரும்ப வருவதால் நான்கைந்து சுற்றில் பிடிபடும். அடுத்துக் கற்க வேண்டியது 'ஹாருகோமா'. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பதுபோன்ற கை, துள்ளும் கால், வேகமான தாளம். இளைஞர்கள் அதிகம் கத்துவது இதற்குத்தான். கெண்டைக்கால் வலிக்கத் தொடங்குவதும் இதில்தான். 'சான்பியாக்கு' என்றால் முந்நூறு. புதிதாக வந்த பிரபு தன்னை வரவேற்ற மக்களுக்கு முந்நூறு காசு கொடுத்ததால் வந்த பெயர் என்று ஊரில் சொல்கிறார்கள். 'நெக்கோ நோ கோ' பூனைக்குட்டியின் சேட்டை. 'கெங்கென்பாராபாரா' சிறுமிகளின் விளையாட்டுப் பாட்டிலிருந்து வந்தது. 'யாச்சிக்கு' ஒரு கதைப்பாட்டு. 1754 முதல் 1758 வரை இந்தப் பகுதி உழவர்கள் வரிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைச் சொல்வது. அந்தக் கிளர்ச்சியின் முடிவில் தலைவர்கள் உயிரையும், கானாமோரி என்ற பிரபு தன் ஆட்சியையும் இழந்தார்கள். சொல் புரியாவிட்டாலும், இந்தப் பாட்டுக்கு வட்டம் அடங்கி ஆடுவது தெரியும்.

'மாத்சுசாகா' தொடங்கினால் அன்றைய இரவு முடிந்தது என்று பொருள். இசைக்கருவிகள் ஓய்ந்து, குரலும் தட்டுக்கட்டையும் மட்டும் கேட்கும். வாடகை உடையைத் திருப்ப வேண்டியவர்கள், வண்டி பிடிக்க வேண்டியவர்கள் அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆடும் இடத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதற்காகப் பயப்படவும் வேண்டாம். யாரும் விரட்டவும் மாட்டார்கள். தேர்ந்தவர்கள் யாகாத்தாவை ஒட்டிய உள்வட்டத்தில் ஆடுவார்கள். புதியவர்கள் வெளிவட்டத்தில் நின்று, உள்வட்டத்தில் ஒரே ஒருவரைத் தேர்ந்து அவரை மட்டும் பார்த்து ஆட வேண்டும். பக்கத்தில் ஆடுகிறவரைப் பார்த்தால் அவர் தவறும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் காலை மட்டும் பழகுங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது, எத்தனை அடிக்கு ஒருமுறை திரும்புகிறது என்பது பிடிபட்டால் கை தானாக வரும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் வட்டத்தின் நடுவில் சிலையாக நின்று பின்னால் வருகிறவர்மேல் மோதுகிறார்கள். செல்பேசியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள் நடப்பதும் அதே வகைத் தொல்லை. படம் எடுக்க வேண்டுமானால் ஓரத்துக்கு வந்துவிட வேண்டும்.

பகலிலேயே பழகிக்கொள்ள வழி இருக்கிறது. குஜோ ஹாச்சிமான் ஹாகுரான்கான் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு நாளைக்குப் பல முறை ஆட்டத்தைச் செய்துகாட்டி விளக்குகிறார்கள். விளக்கம் ஜப்பானிய மொழியில்தான். காலைப் பார்த்தால் போதும். மாலை ஆட்டத்துக்கு முன் இங்கே ஒரு மணி நேரம் செலவழிப்பது இந்தப் பயணத்திலேயே நல்ல முதலீடு.

இனி 'கெதா'. இந்த ஆட்டத்தில் பாதி இசை தரையில் இருந்து வருகிறது. ஹினோக்கி மரத்தில் செய்த, இரண்டு பற்கள் கொண்ட மரச்செருப்பின் நுனியால் தார்ச்சாலையைத் தட்டுவதும் உதைப்பதும் ஆட்டத்தின் அங்கம். நூறு பேர் சேர்ந்து ஒரே நொடியில் தட்டும்போது தெருவே முழங்கும். ரப்பர் அடிபோட்ட மலிவான கெதாவில் இந்த ஒலி வராது. ரப்பர் ஷூவில் ஆடலாம், தடையில்லை, ஆனால் விருந்துக்குப் போய்ப் பாயசத்தை விட்டு வந்த மாதிரி. ஊரில் கெதாக் கடைகள் உண்டு. கட்டையைத் தேர்ந்து, வார்த்துணியைத் தேர்ந்தால், கண்ணெதிரே உங்கள் காலுக்கு இறுக்கிக் கட்டித் தருவார்கள். நல்ல ஜோடிக்கு 5,000 யெனுக்கு மேல் ஆகும். ஒரு மாலைக்கு அது அதிகம்தான். இரண்டு மூன்று இரவு ஆடுகிறவர்களுக்குத் தகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. குதிகால் கட்டையின் பின்விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கால் முழுவதும் கட்டைக்குள் அடங்கினால் அது பெரிய அளவு, உதைக்கும்போது கழன்று பறக்கும். விரலிடுக்கை வாரின் அடிவரை நுழைக்கக் கூடாது. சிறு இடைவெளி விட்டு, விரல்களால் கவ்விப் பிடிக்க வேண்டும். புதுவார் முதல் இரவில் கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் தோலை உரித்துவிடும். கொப்புளம் வந்த பிறகு பிளாஸ்திரி ஒட்டிப் பயனில்லை; ஆடப் போகும் முன்பே விரலிடுக்கில் துணிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும், அல்லது விரல் பிரித்த 'தாபி' காலுறை போட வேண்டும். கடையிலேயே வாரை இரு கையாலும் மேலே இழுத்துத் தளர்த்திக்கொள்வதும் உதவும். பெரும்பாலான கெதாக்களில் இடது வலது வேறுபாடு இல்லை, ஆகவே ஒவ்வொரு இரவும் மாற்றிப் போட்டால் பற்கள் ஒரே பக்கமாகத் தேயாது. ஒரே பருவத்தில் பல் முழுக்கத் தேய்ந்து பலகையாகும்வரை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

யுகாத்தா என்னும் கோடைக்காலப் பருத்தி உடை கட்டாயமில்லை. டி-ஷர்ட்டோடு ஆடுகிறவர்கள் நிறைய. வாடகைக்கு எடுத்தால் வலப்பக்கத் துணி உள்ளே, இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு உடுத்தும் முறை. கரண்டைக்கு மேலே சற்று உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். தரை தொடும் உடையோடு ஹாருகோமா ஆடினால் விழுவீர்கள். ஒரு கைத்துண்டு, தண்ணீர் பாட்டில், தானியங்கி இயந்திரத்துக்கான சில்லறை ஆகியவை போதும்.

நன்றாக ஆடினால் உரிமச் சான்றிதழும் வாங்கலாம். அதிகாலை வரை ஆடும் இரவுகள் அல்லாத நாட்களில், அன்றைக்கென்று குறித்த ஒரு ஆட்டத்தில் இந்த ஆட்ட மரபைப் பேணும் சங்கத்தினர் வட்டத்துக்குள் உலவி, தேறியவர்களிடம் மரச்சீட்டைக் கொடுப்பார்கள். அதைச் சிறு கட்டணத்தோடு கொடுத்தால் சான்றிதழ். கைவீச்சைப் பெரிதாக்கி அலங்காரம் செய்கிறவர்களுக்குக் கிடைக்காது. அளவாக, தாளம் பிசகாமல் ஆடுவதைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தப் பயணத்தின் பெரிய குறை போக்குவரத்து. மினோ-ஓத்தா ரயில் நிலையத்தில் இருந்து நாகராகவா ரயில்வேயின் டீசல் வண்டி, பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி, ஆற்றை ஒட்டியே சுமார் 47 கிலோமீட்டர் வரும். ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அழகான பாதை. ஆனால் இது ஜேஆர் என்னும் பெரிய ரயில் குழுமத்தின் வண்டி அல்ல. சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஜேஆர் பாஸ் இங்கே செல்லாது. ரொக்கம் வைத்திருங்கள். ஏறும்போது எண்ணிட்ட துண்டுச்சீட்டை எடுத்து, இறங்கும்போது ஓட்டுநருக்கு அருகில் உள்ள பெட்டியில் அதையும் பணத்தையும் சேர்த்துப் போட வேண்டும். நிலையத்தில் இருந்து பழைய ஊர்ப்பகுதிக்கு இருபது நிமிட நடை. சிக்கல் திரும்பும்போதுதான்: மினோ-ஓத்தா பக்கம் போகும் கடைசி வண்டி ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே போய்விடும். நகோயா அல்லது கிஃபுவில் இருந்து பேருந்தில் வருவது வேகமானது. அதற்கும் இரவில் இதே கதி. தாக்காயாமா பக்கம் போகும் விரைவுப் பேருந்துகள் சில ஊருக்குள் வராமல் நெடுஞ்சாலை நிறுத்தத்திலேயே இறக்கிவிடும், அங்கிருந்து நடக்க வேண்டும். எனவே ஊரிலேயே தங்குவதாக இருந்தால்தான் திட்டம் போடுங்கள். விடுதிகள் குறைவு, சிறியவை; வார நாளுக்கே இரண்டு மூன்று மாதம் முன்னால் பதிய வேண்டியிருக்கும். சில விடுதிகள் இரவு வாசலைப் பூட்டும். ஆட்டத்துக்குப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, சாவி எப்படி என்று கேட்டுவிடுங்கள்.

பகல் நேரத்தை இரண்டு விஷயங்கள் நிரப்பிவிடும். ஒன்று தண்ணீர். ஊர் முழுக்கத் தெருவோரக் கால்வாய் ஓடுகிறது. ஊற்றுநீரை அடுக்கடுக்கான தொட்டிகளில் விட்டு, முதல் தொட்டி குடிக்க, அடுத்தது காய்கறி கழுவ, அதற்கடுத்தது பாத்திரம் கழுவ என்று பயன்படுத்தும் முறை இன்றும் உண்டு. மேல்தொட்டியில் கை கழுவிவிடாதீர்கள். ஷின்பாஷி பாலத்தில் இருந்து பையன்கள் ஆற்றில் குதிப்பதைப் பார்க்கலாம். உயரம் சுமார் 12 மீட்டர், ஆழமும் பாறையும் தெரிந்தவர்கள் அவர்கள். வெளியூர்க்காரர்கள் குதித்து உயிரிழந்திருக்கிறார்கள்.

மற்றது, உணவகக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் போலி உணவு. அந்தத் தொழிலை 1932-இல் ஒசாக்காவில் வியாபாரமாக்கிய இவாசாகி தாகிசோ இந்த ஊர்க்காரர். பட்டறைகளில் நாமே செய்து பார்க்கலாம்: உருகிய மஞ்சள் மெழுகை உயரத்தில் இருந்து வெதுவெதுப்பான நீரில் ஊற்றினால் அது பொரிந்த மாவுபோல விரியும், அதை வைத்து இறாலைச் சுற்றினால் தெம்புரா. முட்டைக்கோசு இலைக்கு மெழுகை நீரில் மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். முன்பதிவு தேவை, செய்ததை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் உருகும்.

சாப்பாட்டில் ஊர்ப்பெருமை மிசோ என்னும் சோயா விழுதில் வதக்கிய கோழி 'கேய்ச்சான்', உப்பிட்டுச் சுட்ட ஆயு மீன். சைவர்களுக்குத் திண்டாட்டம்தான்: காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று கேட்டாலும் குழம்பில் மீன் சாறு இருக்கும். உமெபோஷி என்னும் பழ ஊறுகாய் வைத்த ஓனிகிரி சோற்றுருண்டை, பழம், ஊரின் லவங்கப்பட்டை மிட்டாய் இவற்றை நம்பலாம். ஆட்டம் முடியும் நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். எட்டு மணிக்கு முன்பே வயிற்றைக் கவனித்துவிடுங்கள்.

இன்னும் ஒரு இரவு கையில் இருந்தால், அதே ரயில் பாதையில் மேலே மினோ-ஷிரோதோரியில் இறங்கலாம். அங்கே ஷிரோதோரி ஒதோரி; தாளம் இன்னும் வேகம், கூட்டம் குறைவு, வெளிநாட்டவர் அபூர்வம். குஜோவில் காவாசாகி கூடப் பிடிபடாதவர்கள் அங்கே போய் மூச்சு வாங்க வேண்டாம்.