ரோட்டரி கட்டர், கட்டிங் மேட், அக்ரிலிக் ஸ்கேல்: துண்டுத்துணி குயில்ட்டுக்கு எதை வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

துண்டுத்துணியில் குயில்ட் (துண்டுகளைச் சேர்த்து அடுக்காகத் தைக்கும் போர்வை) தைப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது தையலில் இல்லை, வெட்டில். அட்டையில் சதுரம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்து சாக்கால் கோடு இழுத்து, கத்தரிக்கோலால் வெட்டினால் மூன்று இடத்தில் பிசகு சேர்கிறது. அட்டையின் ஓரம் தேயும், சாக்குக் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கத்தரிக்கோல் துணியை மேசையிலிருந்து தூக்கித்தான் வெட்டும். ஒரு துண்டுக்கு 1/16 இன்ச் கூடினால் கண்ணுக்கே தெரியாது. 12 துண்டை வரிசையாகச் சேர்க்கும்போது அது முக்கால் இன்ச். அடுத்த வரிசையின் மூட்டு இந்த வரிசையின் மூட்டோடு பொருந்தாது. பிறகு இழுத்துப் பிடித்துத் தைப்போம், போர்வை அலை அலையாக எழும்பும்.

இதற்காகத்தான் கட்டர், வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் மேட், ஸ்கேல் என்ற மூன்றும். ஒன்று இல்லாமல் மற்றது பயன்படாது என்று கடைகளில் செட்டாக விற்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் ஒரே அளவு செலவழிக்கத் தேவையில்லை. பணத்தை முதலில் போட வேண்டியது ஸ்கேலில். அடுத்து கட்டர். மேட் சிறியதாக இருந்தாலே துண்டுத்துணிக்குப் போதும்.

கட்டரிலிருந்து தொடங்கலாம். சோமாசி ஓரம் வெட்டும் சக்கரக் கரண்டியைப் போல, கைப்பிடியின் நுனியில் சுழலும் வட்ட பிளேடு, அவ்வளவுதான் கருவி. ஜப்பானின் ஓசாகாவைச் சேர்ந்த ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் இதை முதலில் கொண்டுவந்தது. அவர்களுடைய மஞ்சள் நிற நேர் கைப்பிடி 45 மி.மீ. கட்டர் இன்றைக்கும் வாங்கத் தகுந்தது. 18, 28, 60 மி.மீ. அளவுகளும் உண்டு. 28 வளைவுகளுக்கு நல்லது. 60 தடித்த அடுக்குகளுக்கும் பஞ்சு வைத்த துணிக்கும். சதுரமும் பட்டையும் வெட்ட 45-ஐத் தவிர வேறு வேண்டாம்.

நேர் கைப்பிடி மாடலில் பிளேடின் மூடியைக் கட்டைவிரலால் நாமே தள்ளித் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடுவது பழக்கமாகிவிட்டால் இது குறையே இல்லை. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், கைப்பிடியை அழுத்தும்போது மட்டும் பிளேடு வெளியே வந்து, விட்டதும் உள்ளே போகும் மாடலை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். இந்த பிளேடு கையில் பட்டால் சாதாரணக் கீறலோடு நிற்காது.

பின்பக்கத்து நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். இறுக்கிவிட்டால் பிளேடு சுழலாது. துணியை இழுத்துக்கொண்டு போகும், ஒரே இடம் தேயும். தளர்ந்தால் பிளேடு ஆடும், வெட்டு வளையும். மேட்டின் மேல் லேசாக உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. அதுதான் சரியான முறுக்கு. பிளேடு மாற்றும்போது கழற்றிய பாகங்களை, குறிப்பாக வளைந்த சிறு வாஷரை, கழற்றிய வரிசையிலேயே மேசையில் பரப்பி வையுங்கள். திருப்பி மாட்டும்போது வரிசை மாறினால் முறுக்கு நிற்கவே நிற்காது.

வெட்டிய பிறகு சில இழைகள் அறுபடாமல் நின்றால் உடனே புது பிளேடு போட்டுவிட வேண்டாம். எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். 45 மி.மீ. பிளேடின் சுற்றளவு சுமார் 14 செ.மீ. ஆக, 14 செ.மீ.க்கு ஒருமுறை இழை நின்றால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது, அதாவது ஓரத்தில் ஒரு இடம் சிதைந்திருக்கிறது. பெரும்பாலும் குண்டூசிமேல் ஏறியதோ ஸ்கேலின் ஓரத்தில் மோதியதோ காரணம். மேட்டின் ஒரே இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப நின்றால் கோளாறு மேட்டில். அங்கே பள்ளம் விழுந்து பிளேடு துணியை உள்ளே அமுக்குகிறது. எங்கும் பரவலாக நின்றால்தான் பிளேடு மழுங்கியிருக்கிறது என்று பொருள். மழுங்கிய பிளேடு கூர்மையானதைவிட ஆபத்தானது. வெட்டாததால் கை தானாகவே அழுத்தத்தைக் கூட்டும், ஸ்கேல் வழுக்கும்.

இப்போது ஸ்கேல். மரத்திலோ இரும்பிலோ செய்த தையல் ஸ்கேலை வைத்து ரோட்டரி கட்டர் ஓட்டவே கூடாது. மரத்தை பிளேடு செதுக்கும். இரும்பு ஸ்கேல் மெல்லியது. பிளேடு அதன்மேல் ஏறி நேராக விரலுக்கு வரும், இரும்பில் பட்டுப் பல்லும் விழும். சுமார் 3 மி.மீ. தடிமன் உள்ள, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் ஸ்கேல்தான் வேண்டும். கால் இன்ச், எட்டில் ஒரு இன்ச் கோடுகள் நீளவாட்டிலும் குறுக்கிலும் முழுதாக ஓட வேண்டும். 45 டிகிரிக் கோடு இருக்க வேண்டும். எல்லோரும் முதலில் 6 × 24 இன்ச் ஸ்கேலைப் பரிந்துரைப்பார்கள். அது முழு மீட்டர் துணிக்கு. துண்டுத்துணிக்கு 6½ இன்ச் சதுர ஸ்கேலும் 6 × 12 இன்ச் ஸ்கேலும் கையில் இருந்தால் போதும். 24 இன்ச்சை ஓரப்பட்டை வெட்டும் கட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியதும் ஸ்கேலைச் சோதியுங்கள். நேராக வெட்டிய காகித ஓரத்தில் ஸ்கேலின் குறுக்குக் கோட்டைப் பொருத்தி, செங்குத்தாகப் பென்சில் கோடு போடுங்கள். ஸ்கேலைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் அந்த ஸ்கேலின் மூலை 90 டிகிரி இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல ஸ்கேல்களிலும் கோட்டின் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் ஒரு குயில்ட்டை ஒரே நிறுவனத்தின் ஸ்கேலில் வெட்டி முடிப்பதே நல்லது. அடியில் வழுக்காத பிடிப்பு இல்லாவிட்டால், உப்புத்தாளில் சிறு வட்டங்கள் வெட்டி நான்கு மூலையிலும் ஒட்டினால் தீர்ந்தது.

மேட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஏ3 அளவு போதும். துணியை நகர்த்தாமல் மேட்டையே திருப்பி நான்கு பக்கமும் வெட்டலாம். பெரிய மேட்டில் அது முடியாது. மேட்டில் அச்சிட்ட கோடுகளை நம்பி அளக்காதீர்கள், அளவுக்கு ஸ்கேல்தான். மேட்டின் எதிரி வெட்டு இல்லை, சூடு. நம் ஊர் வெயிலில் மொட்டைமாடி அறையில் சுவரில் சாய்த்து வைத்தாலே வளைந்துவிடும். அயர்ன் பாக்ஸோ சூடான டம்ளரோ வைத்தால் உப்பிய தடம் போகவே போகாது. கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தால் வருடக்கணக்கில் வரும்.

துண்டுத்துணியை எப்படி வெட்டுவது? டெய்லர் கடையிலிருந்து வருவது பெரும்பாலும் கழுத்து, கை வளைத்த மிச்சம். ஒரு ஓரமும் நேராக இருக்காது. முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். சிவப்பு, நீலச் சுங்குடித் துண்டுகளைத் தனியாக நனைத்து, சாயம் வருவது நிற்கும்வரை அலசுங்கள். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே வெள்ளைச் சதுரங்கள் ரோஸ் நிறமாகும். லேசான கஞ்சி போட்டு அயர்ன் செய்யுங்கள். ரவிக்கைக்கு வரும் 2×2 துணி மெல்லியது. கஞ்சி இல்லாமல் பிளேடுக்கு முன்னால் சுருண்டு ஓடும்.

பிறகு துணியின் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு கையாலும் இழுத்தால் நீளவாட்டில் இழுவை இருக்காது, குறுக்குவாட்டில் கொஞ்சம், மூலைவாட்டில் நிறைய. சதுர ஸ்கேலை நூலுக்கு இணையாக வைத்து, தேவையான அளவு (இங்கே 2½ இன்ச்) துணிக்குள் அடங்குகிறதா என்று பார்த்து, வலப்பக்கமும் மேல்பக்கமும் வெட்டுங்கள். மேட்டை அரைவட்டம் திருப்பி, வெட்டிய இரண்டு ஓரங்களையும் ஸ்கேலின் 2½ இன்ச் கோடுகளில் சரியாகப் பொருத்தி, மீதி இரண்டு பக்கத்தையும் வெட்டினால் சதுரம் தயார். இடது கைக்காரர்கள் முதல் வெட்டை இடப்பக்கத்தில் வைக்க வேண்டும்.

நின்றுகொண்டு வெட்டுங்கள். ஸ்கேலை அழுத்தும் கையின் விரல்கள் விரிந்து நுனியில் ஊன்றட்டும். சுண்டுவிரல் ஸ்கேலுக்கு வெளியே, பிளேடு ஓடாத பக்கம், துணியைப் பிடிக்கட்டும். அது ஸ்கேல் நகராமல் காக்கும். பிளேடை எப்போதும் உடம்பிலிருந்து வெளியே தள்ளுங்கள், உள்ளே இழுக்கவே வேண்டாம். பிளேடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் மேல் அடுக்கு ஒரு அளவு, கீழ் அடுக்கு ஒரு அளவு. 45 மி.மீ. பிளேடு நான்கைந்து அடுக்கு பருத்தியைச் சுலபமாக அறுக்கும் என்றாலும் துண்டுத்துணியில் இரண்டுக்கு மேல் அடுக்காதீர்கள். ஒவ்வொன்றின் நூலும் ஒவ்வொரு பக்கம் ஓடும்.

எந்த அளவில் வெட்டி வைப்பது என்பதே பாதி டிசைன். 1½, 2½, 3½ இன்ச் என்று மூன்றே டப்பா போதும். கால் இன்ச் தையல் இரண்டு பக்கமும் போக இவை 1, 2, 3 இன்ச்சாக நிற்கும். எந்த டப்பாவிலிருந்து எடுத்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும். 2½ இன்ச் சதுரம் ஒன்பதைச் சேர்த்தால் 6½ இன்ச் பிளாக்; போர்வையில் அது 6 இன்ச்சாக நிற்கும். 36 × 36 இன்ச் குழந்தைப் போர்வைக்கு இப்படி 18 பிளாக்கும், அவற்றுக்கு நடுவே மாற்றி மாற்றி வைக்க 6½ இன்ச் ஒற்றைத் துணிச் சதுரம் 18-உம் வேண்டும். அதாவது 162 சிறு சதுரம். சுற்று ஓரம் மடக்கித் தைக்க 2½ இன்ச் பட்டை, 44 இன்ச் அகலத் துணியில் நான்கு. அடித்துணி 40 × 40 இருக்கட்டும், தைக்கும்போது சுருங்கும். நடு அடுக்குக்கு நம் வெயிலுக்குப் பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பே சுகம். குளிர்கால ஜாக்கெட்டுக்குள் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சு வேர்க்கும்.

நிறத்தைவிட வெளிச்சம், இருட்டு முக்கியம். சதுரங்களைத் தரையில் பரப்பி மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் எவ்வளவு நல்ல துணியானாலும் டிசைன் எடுபடாது. அடர்ந்தவை சிலவற்றை எடுத்துவிட்டு வெளிர் துணி சேருங்கள்.

வெட்டு எவ்வளவு துல்லியமானாலும் தையல் கால் இன்ச்சுக்கு மேல் போனால் வீண். 1½ இன்ச் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து அயர்ன் செய்து, நடுப் பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால், மடிப்பு விழுங்கும் நூலிழை அளவைக் கணக்கில் சேர்த்து, கால் இன்ச்சுக்கு மயிரிழை உள்ளே தையுங்கள். காலால் மிதிக்கும் மெஷினில் இதற்கென்று தனி ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்தும் பாகம்) வாங்க வேண்டியதில்லை. ஸ்கேலின் கால் இன்ச் கோட்டை ஊசிக்கு நேர் கீழே வைத்து, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்கு ஒட்டினால் துணி அதில் முட்டிக்கொண்டு நேராகப் போகும்.

இந்த மூன்று கருவியும் உதவாத இடங்களும் உண்டு. பனியன் துணி ஸ்கேலுக்கு அடியிலேயே இழுபடும்; திருப்பூர் மிச்சத்தில் போர்வை தைக்க ஆசைப்படுபவர்கள் பின்புறம் மெல்லிய ஃப்யூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டிய பிறகே வெட்ட வேண்டும். பட்டுக்கும் அதேதான், இல்லாவிட்டால் கால் இன்ச் விளிம்பு நூலாகப் பிரிந்துவிடும். ஒரு இன்ச்சுக்கும் குறைந்த, கோணல்மாணலான நறுக்குகளை அளந்து வெட்டவே வேண்டாம். 6½ இன்ச் வெள்ளைத் தாளின்மேல் மூலைவாட்டில் ஒவ்வொன்றாக வைத்து, 1.5 மி.மீ. நெருக்கத் தையலில் தாளோடு சேர்த்துத் தைத்து, கடைசியில் சதுர ஸ்கேலால் ஓரம் மட்டும் வெட்டுங்கள். நூல் எந்தப் பக்கம் ஓடினாலும் தாள் பிடித்துக்கொள்ளும்; நெருக்கத் தையல் என்பதால் பிறகு சுலபமாகக் கிழியும். செய்தித்தாள் வேண்டாம், மை அயர்னில் ஒட்டும். தாளோடு வெட்டுவதற்கென்று மழுங்கத் தொடங்கிய பிளேடு ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். புது பிளேடைத் தாளில் ஓட்டினால் துணிக்கு உதவாது.

கட்டர் வாங்கும்போதே மாற்று பிளேடு அதே கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். 45 மி.மீ. பரவலான அளவு, வேறு நிறுவனத்து பிளேடும் பெரும்பாலும் பொருந்தும். ரொம்ப மலிவான பத்து பிளேடு பாக்கெட்டில் சில புதிதாகவே பல்லோடு வரும்; முதல் வெட்டிலேயே 14 செ.மீ. கணக்கைப் பார்த்துவிடுங்கள். தேய்ந்த பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். டேப் சுற்றி, மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, டப்பா நிறைந்ததும் மூடியையும் டேப்பால் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.