போர்சினியா, கசப்பனா? குடையை விட்டுக் காம்பைப் பாருங்க

வியாசர்பாடியிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன நண்பன் ஒருவன், செப்டம்பர் வந்தால் போதும், காட்டுக் காளான் படங்களாக அனுப்பித் தள்ளுவான். "மச்சான், இத சமைக்கலாமா?" பீச், ஓக் மரக் காடு. பழுப்புக் குடை, அடியில் மடிப்புகளுக்குப் பதில் பஞ்சுபோல நுண்துளைகள். போலீட் வகை, அதில் சந்தேகமில்லை. எந்தப் போலீட் என்பதில்தான் வம்பு.

பெரும்பாலும் போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று சமைக்க எல்லாரும் தேடும் போர்சினி, அதாவது போலீட்டஸ் எடூலிஸ். இன்னொன்று டைலோபைலஸ் ஃபெல்லியஸ். நாங்கள் வைத்த பெயர் கசப்பன். மேலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். குடையை மட்டும் காட்டும் படத்துக்கு, காளானை அடையாளம் சொல்லும் ஆப் என்ன பெயர் சொன்னாலும் நான் கண்டுகொள்வதில்லை.

காம்பில் இரண்டுக்குமே வலைபோலப் பின்னிய கோடுகள் உண்டு. போர்சினிக்கு வெளிர் பழுப்புக் காம்பில் வெள்ளை வலை, மேல்பாதியில் தெளிவாக இருக்கும். கசப்பனுக்குக் கரும்பழுப்பு வலை, தடித்து மேடாக இருக்கும். துளைகள் இளசில் இரண்டிலும் வெள்ளை, ஏமாறுவது இங்கேதான். முற்றினால் போர்சினி மஞ்சளாகி ஆலிவ் பச்சைக்குப் போகும், கசப்பன் இளஞ்சிவப்பாகும். அப்படியும் பிடிபடவில்லையா? துளி பிய்த்து நாக்கில் வைத்துத் துப்பினால் தெரிந்துவிடும். அந்தக் கசப்பு சமைத்தாலும் போகாது. ஒன்றே ஒன்று கலந்தாலும் சட்டி மொத்தமும் குப்பைக்குத்தான்.

துளை சிவப்பாக இருந்தால் நாக்குப் பரிசோதனையே வேண்டாம். அங்கே வேறு ஜோடி. ரூப்ரோபோலீட்டஸ் சாட்டனாஸ் சுண்ணாம்பு மண்ணில் வரும், குடை சாம்பல் வெள்ளை, தின்றால் கடுமையான வாந்தி. நியோபோலீட்டஸ் லூரிடிஃபார்மிஸுக்குப் பழுப்புக் குடை, காம்பில் வலை கிடையாது, சிவப்புப் புள்ளிகள்தான். இதை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. நான் நண்பனுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். "வெட்டினால் நீலமானால் விஷம்" என்கிறார்களே, அது இங்கே தலைகீழ். சாட்டனாஸ் மெதுவாக, லேசாகத்தான் நீலமாகும்; மற்றது வெட்டின நொடியில் கருநீலம். காளானில் உள்ள நிறமி காற்றுபட்டு மாறுகிறது, அவ்வளவுதான். விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படம் அனுப்புவதானால் வேரடியோடு எடுத்து, துளைப் பக்கம், காம்பு, வெட்டிய முகம் மூன்றையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறமும் சந்தேகம் என்றால் அங்கேயே காளான் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கூடையை நேரில் காட்டுவதே மேல்.

இதையெல்லாம் பெரம்பூர் மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டாம். இந்தப் போலீட்டுகள் ஓக், பீச், பைன் போன்ற மரங்களின் வேரோடு கூட்டு வைத்து வாழ்பவை. நம் வேம்பும் பூவரசும் அந்தக் கூட்டுக்கு ஆகாது. மழை விட்டதும் இங்கே புல்லில் முளைக்கும் வெள்ளைக் குடைகளின் அடியில் பெரும்பாலும் மடிப்புகள்தான் இருக்கும். அவற்றில் நாக்குப் பரிசோதனையை நம்பவே கூடாது. ஆளைக் கொல்லும் அமானிட்டாவைத் தின்றவர்களே ருசியாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.