வெம்ப்ளி போட்டிக்கு ‘ஸ்கிரீன்ஷாட்’ டிக்கெட் வாங்கி ஏமாந்தோம்

முன்பின் தெரியாத ஆளிடம் கால்பந்து டிக்கெட் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாங்கள் இருப்பது லண்டன் குராய்டனில். மகனுக்கு 11 வயது, கிறிஸ்டல் பேலஸ் கால்பந்து அணி என்றால் உயிர். 2025 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று பேலஸ் முதன்முறையாக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. அதனால் ஆகஸ்ட் 10 அன்று, சீசனின் முதல் போட்டியான கம்யூனிட்டி ஷீல்டில், லீக் சாம்பியன் லிவர்பூலோடு வெம்ப்ளி மைதானத்தில் மோதும் வாய்ப்பு. கிளப்பிடம் எங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர் இரண்டு டிக்கெட் இருப்பதாகப் போட்டிருந்தார். போன் செய்தால் தமிழர். “அண்ணா, பிள்ளைக்குத்தானே கேக்கிறீங்க, வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்றார். அந்த ‘அண்ணா’வில்தான் விழுந்தேன். 240 பவுண்டு வங்கிக் கணக்குக்கு அனுப்பியதும் பிளாக், வரிசை, இருக்கை எண், பார்கோடு எல்லாம் தெரியும் ஒரு படம் வந்தது. இருக்கை எண்ணில் பாதியை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

வாசலில் ஊழியர் போனைப் பார்த்தவுடனே தலையை ஆட்டிவிட்டார். அங்கே டிக்கெட் என்பது நம் போனில் திறக்கும் மொபைல் டிக்கெட். வாங்கியவர் அதை நம் பெயருக்கு மாற்றித் தந்திருக்க வேண்டும். படத்தை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. அவருக்கு போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். என்னை பிளாக் செய்திருந்தார்.

மகன் சிவப்பு-நீல ஜெர்சியோடு மைதானத்துக்குப் போகும் வெம்ப்ளி வே சாலையில் உட்கார்ந்து அழுதான். கிளம்ப மனம் வராமல் வெளியிலேயே நின்றோம். 77-வது நிமிடம் பேலஸ் வீரர் இஸ்மைலா சார் (Sarr) அடித்து 2-2 ஆனபோது, உள்ளே எழுந்த சத்தத்தை வைத்தே “அது நம்ம கோல்ப்பா” என்றான். பெனால்டி ஷூட்-அவுட்டில் பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் இரண்டைத் தடுத்தார், அதில் பேலஸ் 3-2 என்று ஜெயித்தது. அவன் பிறந்ததிலிருந்து காத்திருந்த மாதிரியான ஒரு நாள். அதை போன் திரையில் பார்த்தான்.

சரி, பணம். 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் வங்கி வழியாக அனுப்பி ஏமாந்த பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம். அன்று இரவே வங்கிக்குச் சொன்னேன், மோசடிப் புகார்களை அப்போது வாங்கிய ஆக்‌ஷன் ஃபிராடிலும் புகார் கொடுத்தேன். 140 பவுண்டு திரும்பி வந்தது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்காதீர்கள், 13 மாதம் வரை கேட்கலாம். ஆனால் கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்த விதி உதவாது. அப்புறம், இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பதே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனக்கு இது அப்புறம்தான் தெரிந்தது.

போன வாரம் இன்னொரு குழுவில், வேறு பெயரில், வேறு போட்டிக்கு ஒரு டிக்கெட் படம் பார்த்தேன். இருக்கை எண்ணின் மேல் அதே கட்டைவிரல்.